பனியும் தலைவேதனையும்: எல்லையோரக் கேஷுவல்டியில் பிள்ளைகளின் தலைவலி

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால், மலையாளத்தில் ‘பனி’ என்பது காய்ச்சல். தாண்டாமலேயே, விளவங்கோட்டுப் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றிலும் அதுதான். “சாரே, பிள்ளைக்கு நேத்து ராத்திரி தொட்டு பனியும் தலவேதனையும், ரண்டு தடவ சர்த்திச்சான்” என்று ஒரு தாய் சொன்னால் அதில் மூன்று அறிகுறிகள் இருக்கின்றன: காய்ச்சல், தலைவலி, வாந்தி. மதுரையிலிருந்தோ சேலத்திலிருந்தோ பணிக்கு வந்த இளம் மருத்துவர் அதைப் பனிக்காற்றில் அலைந்ததால் வந்த தலைவலி என்று எடுத்துக்கொண்டால், ஓ.பி. சீட்டில் காய்ச்சலே ஏறாது. வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துக் கூட்டிவந்த பிள்ளைக்கு அந்நேரம் தெர்மாமீட்டரும் 98.6 தான் காட்டும். காய்ச்சலோடு வரும் தலைவலிக்கு ஒரு வழி, காய்ச்சலில்லாத தலைவலிக்கு வேறு வழி. முதல் முக்கிலேயே வண்டி தப்பான ரோட்டில் திரும்பிவிடுகிறது.

‘தலைகறக்கம்’ இன்னொரு குழி. ஃபேன் கறங்குவதுபோல் தலை கறங்குகிறது என்றால் சுற்றுகிறது என்று பொருள், வலி என்றில்லை. அதோடு நடையில் தள்ளாட்டமும் இருந்தால் சிறுமூளையைப் பார்க்கச் சொல்லும் புகார் அது. அதைத் தலைவலி என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. சொல்லில் சந்தேகம் வந்தால் பிள்ளையிடமே கேட்டுவிடலாம்: “மக்களே, எங்க வேதனை? ஒத்த வெரல வச்சுக் காட்டு.” நாலைந்து வயதுப் பிள்ளைகூடக் காட்டிவிடும். விரல் நெற்றிக்கோ இரண்டு பொட்டுக்குமோ போனால் பெரும்பாலும் சாதாரணம். பிடரிக்குப் போனால் இன்னொரு முறை கவனமாகச் சோதிக்க வேண்டும்.

வலியின் கடுமை ஏமாற்றும்

தலைவலியோடு அவசர சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வைரஸ் காய்ச்சலோ, ஒற்றைத் தலைவலியோ, சின்ன அடியோதான் காரணம். மூளைக்காய்ச்சல், கட்டி, ரத்தக்கசிவு, தலைக்குள் அழுத்தம் எல்லாம் சேர்ந்தே சிறு பங்கு. சிக்கல் என்னவென்றால் அந்தச் சிறு பங்கு அதிகமாகக் கத்துவதில்லை. ஒற்றைத் தலைவலி வந்த பதினான்கு வயதுப் பெண் கண்ணைப் பொத்திக்கொண்டு புரண்டு அழுவாள். மூளையில் கட்டி வளரும் ஆறு வயதுப் பையன் காலையில் வாந்தியெடுத்துவிட்டுப் பத்து மணிக்கு விளையாடப் போய்விடுவான். பத்துக்கு எத்தனை என்று வலிக்கு மார்க் போடுவது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க உதவும். ஆபத்தைக் கண்டுபிடிக்க உதவாது.

அதற்கு உதவுபவை நேரமும் போக்கும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடியற்காலை வாந்தி, இருமினால், குனிந்தால், படுத்தால் கூடும் வலி, வாரத்துக்கு வாரம் ஏறும் வலி, நொடியில் உச்சம் தொடும் வலி, பழகிய தலைவலியின் குணமே மாறிப்போவது. பிள்ளைக்கு ஆறு வயதுக்குக் கீழ் என்றால் எச்சரிக்கை இன்னும் கூட வேண்டும். மூன்றுக்குக் கீழ் தலைவலி என்ற புகாரே அபூர்வம். மூளையில் தேங்கும் நீரை வடிக்கத் தலையில் ஷன்ட் குழாய் வைத்த பிள்ளை, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளை, ரத்தம் உறையாத நோயுள்ள பிள்ளை ஆகியோருக்கு வரிசை கிடையாது, நேரே உள்ளே.

பிரிட்டனில் 2011-இல் ‘ஹெட்ஸ்மார்ட்’ என்ற பிரசாரம் தொடங்கியது. பிள்ளைகளின் மூளைக்கட்டிக்கான அறிகுறிகளைப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் சொன்னதுதான் அவர்கள் செய்தது. முதல் அறிகுறியிலிருந்து நோயைக் கண்டறியும் வரையான இடைவெளி, நடுமதிப்பில் 14.4 வாரத்திலிருந்து 6.7 வாரமாக இறங்கியது. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை, கேள்விகள்தான் மாறின. அவர்கள் வைத்த கணக்கு எளிது: விடாத தலைவலி நாலு வாரம், விடாத வாந்தி இரண்டு வாரம் தாண்டினால் ஸ்கேன்.

முதல் பத்து நிமிடம்

எடை, காய்ச்சல், நாடி, மூச்சு, நினைவு, கண்மணி, ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம். முதல் ஏழையும் நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவார். எட்டாவதுதான் பிள்ளைகளிடம் விட்டுப்போகிறது. காரணம் அலட்சியமில்லை. ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டையான கஃபில் சின்ன அளவு அந்த அலமாரியில் இருக்காது, இருந்தாலும் வெல்க்ரோ பிடிக்காது.

கஃபுக்குள் இருக்கும் ரப்பர் பையின் அகலம், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே அளந்த கைச்சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். நீளம் 80 முதல் 100 சதவீதம். கைச்சுற்றளவு 20 செ.மீ. உள்ள பிள்ளைக்கு 8 செ.மீ. அகலம், 16 முதல் 20 செ.மீ. நீளம். பெரியவர் கஃபைச் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும், உண்மையான உயர் அழுத்தம் ஒளிந்துகொள்ளும். குண்டான பிள்ளைக்குச் சின்ன கஃபைத் திணித்தால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். கிடைத்த எண்ணை வயதோடு வைத்துப் படிக்க வேண்டும்: 130/85 என்பது நாற்பது வயது அப்பாவுக்குப் பரவாயில்லை ரகம், ஏழு வயது மகளுக்கு மிக அதிகம்.

இதை இவ்வளவு விரிப்பதற்குக் காரணம் உண்டு. சொறி சிரங்கோ தொண்டை வலியோ வந்து ஆறிய பிள்ளைக்குச் சிறுநீரகம் வீங்கும் ஒரு நோய் இருக்கிறது. தொண்டைப் புண்ணுக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று வாரம், தோல் புண்ணுக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறு வாரம் கழித்து வரும். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், கட்டஞ்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் சிறுநீர். ஆனால் அம்மா சொல்வது தலைவேதனை, வாந்தி. சில நேரம் பார்வை மங்கல், அடுத்து வலிப்பு. இதில் மூளையைத் தாக்குவது ரத்த அழுத்தம். கஃப் சுற்றியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். சுற்றாவிட்டால் பிள்ளை சி.டி. அறையில் வலிப்பு வந்து கிடக்கும். அழுத்தத்தைக் குறைப்பதிலும் அவசரம் கூடாது: முதல் எட்டு மணி நேரத்தில், குறைக்க நினைத்ததில் கால்பங்கு போதும். நாக்கடியில் நிஃபெடிபின் காப்ஸ்யூலைக் குத்திச் சொட்டுவிடும் பழைய பழக்கத்தில் அழுத்தம் தடாலென்று விழுந்து மூளைக்கு ரத்தம் போதாமல் போகும். அதை விட்டுவிட வேண்டும்.

சர்க்கரை 60-க்குக் கீழே இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், கிலோவுக்கு 2 மி.லி. முந்நூறு நானூறு என்று நின்றால் கதையே வேறு: முதல்முறை நீரிழிவு வெளிப்படும் பிள்ளைக்கும் வாந்தி, சோர்வு, தலைவலி என்றே தொடங்கலாம். அவனுக்குச் சிகிச்சை நடக்கும்போது தலைவலி புதிதாக வந்தால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

பிறகு பரிசோதனை. பிள்ளையைக் கட்டிலில் படுக்கவைத்தே முடித்துவிடுவதுதான் வழக்கமான பிழை. இறக்கி நடக்கவிட வேண்டும். தரையின் டைல்ஸ் கோட்டில், குதிகாலும் விரலும் ஒட்ட, பத்து அடி. சிறுமூளையில் கட்டியுள்ள பிள்ளை படுக்கையில் எல்லாம் சரியாகச் செய்யும், அந்தக் கோட்டில் தடுமாறும். கண்ணை இடம் வலம் ஓட்டச் சொன்னால் ஒரு கண் வெளிப்பக்கம் போகாமல் நின்றுவிடலாம். புதிதாக வந்த மாறுகண் தலைக்குள் அழுத்தத்தின் அடையாளம். தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருக்கும் பிள்ளையைக் கழுத்துப் பிடிப்பு என்று தைலம் தடவி அனுப்பக் கூடாது. கடைசியாக விளக்கை அணைத்துவிட்டு கண்ணின் பின்திரையைப் பார்ப்பது. கடினம்தான், பிள்ளை அசையும். ஆனால் பார்வை நரம்பின் வீக்கத்தைக் காட்ட கேஷுவல்டியில் இதைவிட மலிவான கருவி கிடையாது.

நாடி இறங்கி, அழுத்தம் ஏறி, மூச்சு தாறுமாறானால் மூளை கீழே பிதுங்குகிறது என்று பொருள். ஸ்கேனுக்குக் காத்திருக்கும் நேரமில்லை. தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி, கழுத்தை நேராக வைத்து, 3 சதவீத உப்புக் கரைசல் கிலோவுக்கு 2 முதல் 5 மி.லி., 10 முதல் 20 நிமிடத்தில். இல்லையென்றால் மானிட்டால், கிலோவுக்கு அரை முதல் ஒரு கிராம். 20 சதவீத 100 மி.லி. பாட்டிலில் 20 கிராம் இருக்கும். 20 கிலோ பிள்ளைக்கு 50 முதல் 100 மி.லி. வரும். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்: ஏ.சி. அறையில் கிடந்த மானிட்டாலில் படிகம் உறைந்திருக்கும். வெந்நீரில் வைத்துக் கரைந்து, ஆறிய பிறகே ஏற்றலாம்.

காய்ச்சலும் குளமும்

காய்ச்சலோடு தலைவலி என்றதும் கழுத்து. படுத்த பிள்ளையின் தலையைத் தூக்கிப் பார்த்தால் பயத்திலேயே விறைத்துக்கொள்ளும். உட்காரவைத்து, உன் முட்டியில் நீயே ஒரு முத்தம் கொடு என்றால் உண்மை தெரியும்; மூளை உறையில் அழற்சி உள்ள பிள்ளையால் முடியாது. ஒன்றரை வயதுக்குக் கீழே கழுத்து விறைக்காமலேயே மூளைக்காய்ச்சல் இருக்கலாம். உச்சிக்குழி புடைப்பு, பால் குடிக்காமை, தூக்கினால் கூடும் அழுகை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சந்தேகம் வந்துவிட்டால் ஆன்டிபயாடிக் முதலில். செஃப்ட்ரியாக்சோன், நாளைக்குக் கிலோவுக்கு 100 மி.கி., உச்சவரம்பு 4 கிராம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டு உடனே கொடுக்க வேண்டும். முதலில் சி.டி., பிறகு முதுகுத்தண்டு நீர் எடுப்பது, பிறகு மருந்து என்று வரிசை வைத்து மூன்று மணி நேரம் கரைப்பது எல்லையோரத்தில் அடிக்கடி நடப்பது. சி.டி. இல்லாத ஊரிலிருந்து சி.டி. உள்ள ஊருக்குப் போகும் வண்டியில் மருந்தில்லாமல் போகிறது பிள்ளை. நினைவு தடுமாறினாலோ, ஒருபக்கம் செயலிழந்தாலோ அந்த நீரை எடுக்க முதுகில் ஊசி போடுவதைத் தள்ளிவைக்கலாம். மருந்தைத் தள்ளிவைக்க முடியாது. நடத்தை மாறி, உளறி, வலிப்பும் வந்தால் ஹெர்பிஸ் வைரஸை நினைத்து அசைக்ளோவிரும் சேர்க்க வேண்டும். வாரக்கணக்கில் லேசான காய்ச்சல், மெலிவு, மாறுகண் என்றால் காசநோய் மூளைக்காய்ச்சல்.

இப்போது குளம். நெய்யாற்றின்கரையிலிருந்து நாகர்கோவில் வரை குளமில்லாத ஊர் கிடையாது; விடுமுறையென்றால் பையன்கள் குளத்தில்தான் கிடப்பார்கள். நெக்லேரியா என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்கிறது. மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறும்போது மணம் அறியும் நரம்பைப் பிடித்து மூளைக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் இந்த நோய் வராது. 1 முதல் 12 நாளில் அறிகுறி தொடங்கும், பெரும்பாலும் அறிகுறி தொடங்கி ஐந்தாறு நாளில் உயிர் போகும். கேரளத்தில் 2024 முதல் நோயாளிகள் எண்ணிக்கை ஏறியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு குளத்தில் குளித்த இளைஞர்களுக்கு அமீபா மூளைக்காய்ச்சல் இருப்பது தெரிந்தது; அவர்களில் ஒருவர் இறந்திருந்தார். எல்லையிலிருந்து அது அதிகத் தூரமில்லை. அதற்கு முந்தைய மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பிழைத்தான். சீக்கிரமே சந்தேகித்ததும் மில்டெஃபோசின் என்ற மருந்தைத் தொடங்கியதும் அவனைக் காத்தன. அதே ஜூலையில் கேரள அரசு இந்நோய்க்கென்று சிகிச்சை வழிகாட்டியும் வெளியிட்டது.

தொடக்கத்தில் இது சாதாரண பாக்டீரியா மூளைக்காய்ச்சல் போலவேதான் இருக்கும். முதுகுத்தண்டு நீரிலும் அதே தோற்றம்: வெள்ளணுக்கள் குவிந்திருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும், ஆனால் பாக்டீரியாவைக் காட்டும் கிராம் சாயத்தில் ஒரு கிருமியும் தெரியாது. அந்த ‘ஆனால்’ வரும் இடத்தில்தான் அமீபாவை நினைக்க வேண்டும். எடுத்த நீரை வெதுவெதுப்பு ஆறுமுன் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, சாயமில்லாமல் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அமீபா ஊர்வது தெரியும். ஐஸ் பெட்டியில் போட்டுப் பெரிய லேபுக்கு அனுப்பினால் குளிரில் அசைவு நின்று, இன்னொரு வெள்ளணுவாகத் தெரிந்துவிடும். லேப் டெக்னீஷியனிடம் போனில் “அமீபா பாருங்க” என்று சொல்லிவைப்பது சீட்டில் எழுதுவதைவிடப் பலன் தரும். சிகிச்சையில் ஆம்ஃபோடெரிசின் பி, மில்டெஃபோசின், அசித்ரோமைசின், ரிஃபாம்பிசின், ஃப்ளூகோனசோல், டெக்ஸாமெத்தசோன் என்று கூட்டாகக் கொடுக்கிறார்கள். இதேபோல் மூளையைத் தாக்கி, நோயை மெதுவாக வளர்க்கும் வேறு அமீபாக்களும் உண்டு. குளத்தில் இறங்காதவர்களுக்கும் கேரளத்தில் நோய் வந்திருக்கிறது. ஆகவே ‘குளிக்கவில்லை’ என்ற பதிலோடு கேள்வியை மூடிவிடக் கூடாது. கேட்கும் விதமும் முக்கியம். அப்பா எதிரே நிற்கும்போது குளத்துக்குப் போனாயா என்றால் எந்தப் பையனும் இல்லை என்றுதான் சொல்வான்.

சட்டையைக் கழற்றிப் பார்க்காமல் காய்ச்சல் தலைவலியை எழுதி முடிக்கக் கூடாது. அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், உள்ளாடை இறுகும் இடம் எங்காவது பீடி சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிச் சிவப்பு இருந்தால் உண்ணிக் காய்ச்சல். வலிக்காது, அரிக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. டாக்ஸிசைக்ளின் கிலோவுக்கு 2.2 மி.கி. இருவேளை, அல்லது அசித்ரோமைசின். கண்ணுக்குப் பின்னால் வலி என்றால் டெங்கு. கெண்டைச் சதையில் வலியும் கண் சிவப்பும் என்றால் எலிக்காய்ச்சல், கேரளப் பக்கம் எலிப்பனி. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும். இப்யூபுரோஃபென், ஆஸ்பிரின், இடுப்பில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி எதுவும் வேண்டாம்.

அடிபட்ட தலை

இதில் தெளிவான விதி இருக்கிறது. அமெரிக்காவில் 25 அவசரப் பிரிவுகளில் 42,412 பிள்ளைகளைப் பார்த்து 2009-இல் வெளிவந்த பெகார்ன் விதி. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தெளிவாக இருந்து, மயங்காமல், வாந்தி எடுக்காமல், கடும் தலைவலி இல்லாமல், மண்டையோட்டு அடிப்பகுதி முறிந்த அடையாளம் இல்லாமல், அடியும் பலமாக இல்லாவிட்டால் சி.டி. தேவையில்லை. பலமான அடி என்பது ஒன்றரை மீட்டருக்கு மேலிருந்து விழுவது, ஹெல்மெட் இல்லாமல் வண்டி மோதுவது, கனமான பொருள் வேகமாகத் தலையில் விழுவது. மரத்திலிருந்து விழுந்த தேங்காய் இந்தக் கடைசி வகை. பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் கணக்கில் சேரும். பிள்ளை தெளிவாக இல்லாவிட்டாலோ, முறிவின் அடையாளம் இருந்தாலோ சி.டி. எடுக்க வேண்டும்; மற்றவற்றில் ஓர் அறிகுறி மட்டும் இருந்தால் நாலு முதல் ஆறு மணி நேரம் கண்காணித்து முடிவெடுக்கலாம்.

ஸ்கேன் எடுத்தாச்சா?

எல்லைக்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர் போனில் கேட்கும் முதல் கேள்வி. பரிசோதனை சுத்தமாக இருந்து, பழகிய தலைவலியே மறுபடி வந்திருந்தால் எடுக்க வேண்டாம். 2012-இல் வெளியான பிரிட்டன் ஆய்வின் கணக்குப்படி, பத்து வயதுக்குக் கீழே தலை சி.டி. எடுத்த 10,000 பேரில், அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப் புற்றும் ஒருவருக்கு மூளைக்கட்டியும் வரும். தேவையான சி.டி.யைத் தடுக்கும் அளவுக்கு இது பெரிதில்லை, ஆறுதலுக்காக எடுப்பதைத் தடுக்கப் போதும்.

இன்னொரு தொல்லை, ‘சி.டி. நார்மல்’ என்ற சீட்டு தரும் பொய்த் தெம்பு. மூளைக்காய்ச்சலின் முதல் நாளில் சி.டி. நார்மலாகவே இருக்கும். காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருந்தால் சாதாரண சி.டி. தவறவிடலாம். குண்டான பதின்ம வயதுப் பெண்ணுக்குக் கட்டியில்லாமலே தலைக்குள் அழுத்தம் ஏறும் நோயிலும் அப்படித்தான். அங்கே காட்டிக்கொடுப்பது கண்ணின் பின்திரையும் முதுகுத்தண்டு நீரின் அழுத்தமும். 28 செ.மீ.க்கு மேல் என்றால் உறுதி. முகப்பருவுக்காக டாக்ஸிசைக்ளினோ வைட்டமின் ஏ சார்ந்த மாத்திரையோ எடுக்கிறாளா என்று கேட்க வேண்டும். அவசரமில்லாத இடத்தில் எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருப்பது நல்லது. சிறுமூளைப் பக்கத்தை அதுதான் தெளிவாகக் காட்டும்.

சென்னிக்குத்து

மலையாளத்தில் சென்னிக்குத்து, தமிழில் ஒற்றைத் தலைவலி. பிள்ளைகளுக்கு இரண்டாவது பெயர் பொருந்தாது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலிக்கும். பெரியவர்களுக்குக் குறைந்தது நாலு மணி நேரம் என்றால் இவர்களுக்கு இரண்டு மணி நேரமே போதும். 72 மணி வரை போகலாம். முகம் வெளிறும், ஓக்காளம் வரும், பிள்ளை தானாகவே இருட்டறைக்குப் போய்ப் படுக்கும். வெளிச்சம் கூசுகிறதா என்று கேட்டுப் பதில் வராத வயதில் இதுவே சாட்சி. தூங்கி எழுந்தால் ஒன்றும் நடக்காததுபோல் சோறு கேட்கும். அம்மாவுக்கோ பாட்டிக்கோ இதே வலி இருந்திருக்கும், சைனஸ் என்ற பெயரில். நெற்றிச் சைனஸ் ஏழெட்டு வயதில்தான் உருவாகி வருகிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் நெற்றிவலியை அதன் தலையில் கட்ட முடியாது.

மருந்து தோற்பதற்கு முதல் காரணம் அளவு. இப்யூபுரோஃபென் கிலோவுக்கு 10 மி.கி., ஒரு வேளைக்கு 400 வரை. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., ஒரு வேளைக்கு 1 கிராம் வரை, நாளைக்கு நாலு வேளைக்கு மேல் போகாமல். 24 கிலோ பையனுக்கு 240 மி.கி. இப்யூபுரோஃபென், அதாவது 5 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சிரப்பில் 12 மி.லி. வீட்டில் கொடுத்தது ஒரு மூடி, 5 மி.லி. அது வேலை செய்யவில்லை என்று ஊசிக்கு வருகிறார்கள். பாராசிட்டமாலில் குழப்பம் இன்னும் மோசம்: ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 120, இன்னொன்றில் 250, சொட்டு மருந்தில் ஒரே மி.லி.க்கு 100. அதே 360 மி.கி.க்கு முதலாவதில் 15 மி.லி., இரண்டாவதில் 7.2 மி.லி., சொட்டு மருந்தில் 3.6 மி.லி. ஆகவே எத்தனை மூடி கொடுத்தீர்கள் என்பதோடு பாட்டிலைக் காட்டச் சொல்ல வேண்டும். நிமெசுலைட் இருந்தால் எடுத்துவைத்துவிடலாம்; இந்தியாவில் 2011 முதல் 12 வயதுக்குக் கீழே தடை.

இரண்டாவது காரணம் நேரம். தாக்குதலின்போது இரைப்பை இயக்கம் மந்தமாகும், விழுங்கியது அங்கேயே கிடக்கும். வலி தொடங்கி அரை மணிக்குள் போன மருந்துக்கும் மூன்று மணி கழித்துப் போனதற்கும் பெரிய வித்தியாசம். வாந்தி நிற்கவில்லை என்றால் ஒண்டான்செட்ரான் கிலோவுக்கு 0.15 மி.கி.; பிறகு இருட்டான மூலை, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். எல்லோருக்கும் டிரிப்ஸ் தேவையில்லை.

அதற்கும் அடங்காவிட்டால் புரோகுளோர்பெரசினோ மெட்டோகுளோபிரமைடோ நரம்பில். கிலோவுக்கு 0.1 முதல் 0.15 மி.கி., உச்சம் 10 மி.கி., 15 நிமிடத்தில் மெதுவாக. வேகமாகத் தள்ளினால் பிள்ளை இருப்புக்கொள்ளாமல் கட்டிலைவிட்டு எழுந்து ஓடப் பார்க்கும். சில மணி நேரத்தில் கண் மேலே சொருகி, கழுத்து ஒரு பக்கம் முறுக்கி, நாக்கு வெளியே தள்ளலாம். வீட்டார் பேய் என்பார்கள், பதறிய டாக்டர் வலிப்பு என்று எழுதுவார். நினைவு தெளிவாக இருப்பதுதான் அடையாளம். பிள்ளை அப்படியே நம்மோடு பேசும். டைஃபென்ஹைட்ரமின் கிலோவுக்கு 1 மி.கி., அல்லது இரண்டு வயது தாண்டியவர்களுக்குப் புரோமெத்தசின் கொடுத்தால் சில நிமிடத்தில் இறங்கும். வீட்டுக்கு அனுப்பும்போதே இதைச் சொல்லிவைக்காவிட்டால் நடுராத்திரி பக்கத்து ஊர் கேஷுவல்டியில் வலிப்பு மருந்து ஏறும்.

ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள ரிசாட்ரிப்டானை ஆறு வயதுக்கு மேல் கொடுக்க அமெரிக்காவில் 2011 முதல் அனுமதி உண்டு: 40 கிலோவுக்குக் கீழே 5 மி.கி., மேலே 10. வலியோடு ஒருபக்கம் செயலிழக்கும் வகையில் கொடுக்கக் கூடாது. டிரமடால் ஊசி வேண்டாம்; 12 வயதுக்குக் கீழே வலிக்குக் கொடுக்கக் கூடாது என்று 2017-இல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது, மேலே உள்ளவர்களுக்கும் இந்தத் தலைவலியில் பயனில்லை. தடுப்பு மாத்திரையைக் கேஷுவல்டியில் தொடங்குவதும் அவசரம்தான். 8 முதல் 17 வயதினரிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில் அமிட்ரிப்டிலினில் 52, டோபிராமேட்டில் 55, மருந்தில்லாத வெறும் மாத்திரையில் 61 சதவீதம் பேருக்குத் தலைவலி பாதியாகக் குறைந்தது. தூக்கம், காலைச் சாப்பாடு, தண்ணீர் என்று பாட்டி சொல்வதையே டாக்டரும் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. மாதத்தில் 15 நாளுக்கு மேல் மாத்திரை போட்டு அது மூன்று மாதம் தாண்டினால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.

வீட்டு வைத்தியத்தில் சுக்குப் பற்றாலும் உச்சியில் தேய்க்கும் ராஸ்னாதிப் பொடியாலும் பெரிய கெடுதல் இல்லை. ஆவி பிடிக்க வைத்த வெந்நீர்ப் பானை கவிழ்ந்து தொடை வெந்து வரும் பிள்ளைகள் உண்டு. கற்பூர எண்ணெய் தேய்ப்பதே ஆபத்து; ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரும்.

பதின்மூன்று தாண்டியவர்களிடம் ஐந்து நிமிடமாவது தனியாகப் பேச வேண்டும், பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு. தூக்கம், போன், பட்டினி, மாதவிலக்கு, கர்ப்பம், உதட்டடியில் ஒதுக்கும் புகையிலை, பள்ளிக்கூடத்தில் யாராவது துன்புறுத்துகிறார்களா, சாக வேண்டும் என்று தோன்றியதா. கடைசிக் கேள்வியை நேராகவே கேட்கலாம். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் தலைவலிக்குப் பின்னால் அது இருந்து, யாரும் கேட்காததால் வெளிவராமலே போகிறது.

எந்தப் பக்கம் அனுப்புவது

களியக்காவிளையில் நின்றால் கிழக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியும் மேற்கே திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி, அதைச் சேர்ந்த, தாய் சேய்களுக்கான எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் ஏறத்தாழ ஒரே தூரம். குடும்பத்தின் கணக்கு காப்பீட்டு அட்டையில் நிற்கும்: தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு ஒன்று, கேரளத்தின் காருண்யா வேறொன்று. மருத்துவரின் கணக்கு வேறு: இந்நேரத்தில் மூளை அறுவை மருத்துவரும் பிள்ளைகளுக்கான ஐ.சி.யு. படுக்கையும் எங்கே காலி? போன் பண்ணிக் கேட்டுவிட்டு அனுப்பினால் ஒரு பயணத்தில் முடியும். கேட்காமல் அனுப்பினால் இரண்டாவது ஊரிலிருந்து மூன்றாவது ஊர். 15-க்குப் போடும் நினைவு மதிப்பெண் 8-க்கு இறங்கிய பிள்ளைக்கு மூச்சுக்குழாய் வைக்காமல் வண்டி கிளம்பக் கூடாது.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: எடை, வலி தொடங்கிய நாளும் நேரமும், நேரத்தோடு எழுதிய நினைவு மதிப்பெண், கண்மணி அளவு, எந்த கஃபில் எடுத்த ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து ஒவ்வொன்றும் எத்தனை மி.கி. எத்தனை மணிக்கு, குளத்தில் இறங்கிய தேதி. வீட்டுக்கு அனுப்பும் பிள்ளையின் சீட்டில் எப்போது திரும்ப வரவேண்டும் என்பதை வீட்டாரின் பேச்சிலேயே எழுதிக் கொடுக்கலாம்: பனி அடித்தால், ரண்டு தடவைக்கு மேல் சர்த்தித்தால், எழுப்பியும் எழும்பாவிட்டால், நடை கோணினால், கண் ரெண்டாகத் தெரிந்தால். படிக்கத் தெரியாத பாட்டி கூட வந்திருந்தால், வாசித்துக் காட்டிவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். ராத்திரி பிள்ளைக்குப் பக்கத்தில் படுப்பது பெரும்பாலும் அவர்தான்.